பள்ளத்தில் மைதானம், மேட்டில் தவறணை

1

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குடிக்கப் போவது உண்மை.

ஊரில் அப்படி ஒரு கதை அடிபடுகிறது என்று மங்கையின் தமையன் எழுதியிருக்கிறார். மங்கை என் மனைவி. கடிதத்தை அவள்தான் முதலில் வாசித்தாள். வாசித்துவிட்டு மடித்து என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவளுடைய தகப்பன் குடித்தே காணியை அழித்தவர். குடியாத மாப்பிள்ளை வேண்டும் என்று தேடித்தான் என்னைப் பிடித்தார்கள். லொறியில் கிளீனராக நின்றவன். படிப்பு ஆறாம் வகுப்பு. காணி பூமி இல்லை. என்னிடம் இருந்த ஒரே தகுதி குடியாததுதான்.

வாசிகசாலை மலருக்கு வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தீர்கள். மற்றவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள். நான் குடிக்கப் போன கதையை எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழைகளைத் திருத்திப் போடுங்கள்.

எங்களுடைய அகதிக் கேஸ் தோற்றுவிட்டது. இது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கொழும்பில் போய் இருக்கலாம், அங்கே உங்களுக்கு ஆபத்து இல்லை என்று எழுதிவிட்டார்கள். மேலிடத்தில் அப்பீல் கேட்டோம். அதுவும் தோற்றது. இனி ஒரு விண்ணப்பம்தான் மிச்சம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. ‘இல்லை’ என்று வந்தால் நான், மங்கை, மகள் தர்சினி மூன்று பேரும் விமானத்தில் ஏறவேண்டும். தர்சினி இங்கே வரும்போது அவளுக்கு இரண்டு வயது. இப்போது ஒன்பது.

2

லோயரின் கந்தோரில் சுரேன் என்று ஒரு பொடியன் மொழிபெயர்ப்புச் செய்கிறான். நல்ல பிள்ளை. லோயர் பேசுவது ஒரு நிமிடம், சுரேன் விளங்கப்படுத்துவது அரை மணித்தியாலம்.

“அண்ணை, கடைசி வழி ஒண்டு கிடக்கு. மனிதாபிமானத்தைப் பாத்து எங்களை இருக்க விடுங்கோ எண்டு கேக்கிறது.”

“கேப்பம்.”

“சும்மா கேக்கேலாது. இந்த நாட்டோட சேந்திட்டம் எண்டு காட்டவேணும்.”

“ஏழு வருசமாப் பாண் சுடுற பக்டரியில வேலை. ஒரு மாசம் அரசாங்கத்தின்ர வெல்பெயர்க் காசு எடுக்கேல்லை.”

“அது இருக்கு. கோயில் கடிதம் இருக்கு. ஊர்ச் சங்கத்தின்ர கடிதமும் இருக்கு. எல்லாம் எங்கட சனமெல்லோ அண்ணை. வெள்ளையள் ஆரையும் தெரியுமோ?”

யோசித்துப் பார்த்தேன். “சுப்பவைசரைத் தெரியும்.”

“எழுதித் தருவாரோ?”

“அவருக்கு என்ர பேர் தெரியாது.”

சுரேன் பேனையைக் கீழே வைத்தான். “எங்கட ஆக்கள் எல்லாரும் இதைத்தான் செய்யினம். வேலை, வீடு, கோயில். எங்கையாவது ஒரு கிளப்பில சேருங்கோ. விளையாட்டு, கூட்டம், ஏதோ ஒண்டு. உவையோட பழகுங்கோ.”

பிறகு மங்கையைப் பார்த்துக் கேட்டான். “அக்கா, மகள் தமிழ் கதைப்பாவோ?”

மங்கைக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. “சொன்னா விளங்கும். கதைக்கிறது குறைவுதான். சனிக்கிழமை வகுப்புக்கு விடுறன் தம்பி. வந்திடும்.”

“விடாதேங்கோ.”

“என்ன?”

“பிள்ளைக்குத் தமிழ் வராது, அங்க போனாப் படிக்கமாட்டாள், வாழமாட்டாள் எண்டு எழுதலாம். கேசுக்கு அது நல்லம் அக்கா.”

மங்கை என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை தர்சினியை வகுப்புக்கு அனுப்பவில்லை. அவளுக்குப் பெரிய சந்தோசம். கட்டிலில் ஏறித் துள்ளினாள்.

ஏன் நிறுத்தினோம் என்று அவளுக்குச் சொல்லவில்லை. கேஸ் விசயம் ஒன்றும் பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று அன்றைக்கே நானும் மங்கையும் கதைத்து முடித்தோம். ஊரில் ஷெல் அடித்த நாட்களில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் வெடி கொளுத்துகிறார்கள் என்று சொன்னவர்கள் நாங்கள். எங்களுக்கு வேறு விதமாகப் பிள்ளை வளர்க்கத் தெரியாது.

3

எங்கள் கட்டடத்தில் ஆறாம் மாடியில் குணம் அண்ணை இருக்கிறார். தனி ஆள். காலையில் ஒரு தவறணையைக் கூட்டித் துடைக்கிற வேலை. தவறணை என்றவுடன் நம்மூர்ப் பனையடியை நினைக்கவேண்டாம். இங்கே பப் என்பார்கள். கம்பளம் விரித்து, சுவரெல்லாம் பழைய படம் மாட்டி, பகலிலும் லைற் எரியும்.

அந்தத் தவறணை ஒரு மேட்டு விளிம்பில் நிற்கிறது. பின்பக்கம் நிலம் சரிந்து ஒரு பெரிய பள்ளம். பள்ளத்துக்குள் ஓடை. ஓடைக்கரையில் ஒரு உதைபந்தாட்ட மைதானம். மேட்டிலிருந்து மரப்படியால் இறங்கவேண்டும். மழை நாளில் அந்தப் படி வழுக்கிக்கொண்டு போகும்.

ஞாயிறு காலையில் அங்கே போட்டி நடக்கும். ரீவியில் காட்டுகிற ஆட்டம் இல்லை. ஆடுகிறவர்கள் கூரை போடுகிறவர், தபால்காரர், பைப் திருத்துகிறவர். எதிர்ப்பக்கம் ஒரு கிழமை இத்தாலிக்காரர், ஒரு கிழமை கிரேக்கர், ஒரு கிழமை யமேய்க்காக்காரர். பார்க்க வருகிறவர்கள் ஒரு கைப்பிடி. நாய்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போட்டி முடிந்தவுடன் இரண்டு பக்கமும் படியேறித் தவறணைக்குப் போகும். தோற்றவர்களும் போவார்கள். அதுதான் எனக்குப் புதுமையாக இருந்தது. ஊரில் நமது கழகம் தோற்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு குறுக்கு ஒழுங்கையால் ஓடவேண்டும்.

கிளப்பின் செயலாளர் பில் என்று ஒரு கிழவர். இங்கிலாந்தில் வடக்குப் பக்கம், ஏற்ற இறக்கமான ஒரு சின்னப் பட்டினத்தில் பிறந்தவர். அங்கேயும் மைதானம் பள்ளத்தில், தவறணை மேட்டிலாம். இளந்தாரி வயதில் கப்பலில் வந்து, இந்த இடத்தைக் கண்டவுடன் கிளப்பைத் தொடங்கிவிட்டார் என்று குணம் அண்ணை சொன்னார். ஏறி வந்தால்தான் பியர் இனிக்கும் என்பது பில்லின் கொள்கையாம்.

சுரேன் சொன்னதை நான் சொல்ல, குணம் அண்ணை என்னை அங்கே கூட்டிப் போனார். முதல் ஞாயிறு இரண்டு பேரும் கோட்டுக்கு வெளியே நின்றோம். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. பந்து ஓடைக்குள் போனது. எல்லாரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். தண்ணீர் முழங்கால் வரை. இங்கே சித்திரை மாதத்திலும் தண்ணீர் ஐஸ். கால் எரிந்தது. பந்தை எடுத்து எறிந்தேன். அன்றைக்கு மூன்று தரம் இறங்கினேன்.

போட்டி முடிய பில் என் காலைப் பார்த்தார். மேட்டைக் காட்டி, வா என்று தலையை ஆட்டினார்.

தவறணையில் நான் கோக் கேட்கப் போனேன். குணம் அண்ணை என் காலில் மிதித்தார்.

“கோக் குடிக்கிறவனை உவங்கள் நாளைக்கு மறந்திடுவாங்கள். பியரைப் பிடி.”

“மங்கை?”

“மங்கை இந்த நாட்டில நிக்க வேணுமெண்டாப் பிடி.”

குடித்தேன். புளித்த கஞ்சித் தண்ணீர் போல இருந்தது. பில் என் பெயரைக் கேட்டார். தில்லைநாதன் என்றேன். அவர் வாயைக் கோணி இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, நேதன் என்றார். சரி என்றேன். அன்றிலிருந்து அங்கே நான் நேதன்.

4

ஒவ்வொரு ஞாயிறும் போனேன். சனி இரவு பாண் பக்டரியில் வேலை முடித்து, நித்திரையில்லாமல் நேரே போவேன். சுண்ணாம்பு வண்டிலைத் தள்ளிக் கோடு போடுவேன். வலை கட்டுவேன். பந்து எடுப்பேன். பிறகு மேலே போய்க் குடிப்பேன். ஆங்கிலம் எனக்கு அரைகுறை. கோல் போனால் கத்துவேன், அடிபட்டால் ‘பாட் லக்’ என்பேன். அது போதுமாக இருந்தது. குடிக்கிற இடத்தில் ஒருவரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

ஒரு ஞாயிறு பியர் தட்டம் மேசையைச் சுற்றி வந்தது. எனக்கு முன்னால் கிளாஸ் வைக்கவில்லை. தவறி விட்டதாக்கும் என்று இருந்தேன். அடுத்த தட்டமும் அப்படியே என்னைத் தாண்டிப் போனது. பில் மற்றப் பக்கம் திரும்பி இருந்தார்.

வெளியே வந்து குணம் அண்ணையைக் கேட்டேன்.

“எடேய் நாதன், நீ இவ்வளவு நாளும் ஒருக்காலாவது வாங்கிக் குடுத்தனியே?”

“இல்லை.”

“அதுதான். நேதன் குடிப்பான், வாங்க மாட்டான் எண்டு கதைக்கிறாங்கள்.”

“அண்ணை, அவை எனக்கு விருந்தெண்டு தாறினம். நான் உடனே திருப்பி வாங்கிக் குடுத்தா, உங்கட கடன் எனக்கு வேண்டாம் எண்டு முகத்தில எறிஞ்ச மாதிரியெல்லோ? அதுக்குத்தானே கோடு போடுறன், வலை கட்டுறன்.”

குணம் அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். “அது உன்ர ஊரில. இஞ்ச ஒருத்தன் வாங்கினா அடுத்தவன் வாங்கவேணும். பங்குக் கிணத்தில முறை வைச்சு இறைக்கிறதில்லையே? அப்பிடி. உன்ர முறை வரேக்க நீ பேசாமல் இருந்திட்டாய்.”

இவ்வளவு ஞாயிறும் ஓடைக்குள் இறங்கியது வீணாகப் போகப் பார்க்கிறதே என்று பயந்தேன். கடிதம் இல்லையென்றால் கேஸ் இல்லை. கேஸ் இல்லையென்றால் பிள்ளை இல்லை என்பது போலத்தான் அப்போது தோன்றியது.

திரும்பிப் போய் எல்லாருக்கும் வாங்கினேன். எங்கள் மேசைக்கு மட்டும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கையைச் சுழற்றிக் காட்டினேன். முழுத் தவறணைக்கும் ஊற்றிவிட்டார்கள். எதிரணி, அவர்களுடைய பெண்சாதிமார், மூலையில் தனியாக இருந்து பேப்பர் வாசித்த ஒரு மனிசன், எல்லாருக்கும். பில் எழும்பி என் முதுகில் தட்டினார். எல்லாரும் நேதன் நேதன் என்று மேசையில் அடித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. சந்தோசம் இல்லை. அந்தக் கிழமை வீட்டில் மீன் வாங்கவில்லை.

5

ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்தால் தர்சினி ரீவிக்கு முன்னால் இருப்பாள். முன்பு ஓடி வந்து காலைக் கட்டுவாள். பிறகு பிறகு திரும்பிப் பார்ப்பதோடு சரி. ஒரு நாள் பக்கத்தில் போய் இருந்தேன். எழும்பி மற்றக் கதிரைக்குப் போனாள்.

“என்ன பிள்ளை?”

“யூ ஸ்மெல், அப்பா.”

“அப்பா குளிச்சிட்டு வாறன்.”

“டஸ்ன்ட் மாட்டர்.”

மங்கை குசினியில் நின்று கேட்டாள். அவள் வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவள். என் சேட்டை மற்ற உடுப்போடு போடாமல் தனியாகத் தோய்ப்பாள். ஞாயிறு பின்னேரங்களில் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வாள். பைப் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்குக் கேட்காது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

ஒரு முறை கதவில் தட்டினேன்.

“மங்கை, நான் குடிக்கிறதுக்காகவே அழுகிறாய்?”

“இல்லை.”

“பேந்து?”

“குடிச்சும் சரிவராட்டி என்ன செய்யிறது எண்டு.”

தர்சினியின் பள்ளிக்கூடத்தில் ரீச்சர், மகள் இப்போது வகுப்பில் அவ்வளவு கதைப்பதில்லை, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அதையும் தர்சினிதான் எனக்கும் ரீச்சருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். தன்னைப் பற்றிய கேள்வியைத் தானே தமிழில் தட்டுத் தடுமாறிக் கேட்டாள். நான் சொன்ன பதிலை ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

6

இலை உதிரத் தொடங்க ஆட்டக் காலம் முடிந்தது. கடைசிப் போட்டியிலும் தோற்றோம். அன்றைக்குத்தான் குணம் அண்ணை எனக்காகப் பில்லிடம் கேட்டார். நான் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு நின்றேன்.

பில் முழுவதையும் கேட்டார். என்னைப் பார்த்துச் சொன்னதைக் குணம் அண்ணை தமிழில் சொன்னார். “இதுக்கோ இவ்வளவு நாளும் நிண்டனீ, முதலே கேட்டிருக்கலாமே எண்டு கேக்கிறார்.”

“கேட்டா மரியாதை இல்லை எண்டு நினைச்சன் எண்டு சொல்லுங்கோ.”

குணம் அண்ணை என்ன சொன்னாரோ தெரியாது. பில் கிளாஸைக் கீழே வைத்தார். தான் கப்பலால் இறங்கியபோது தன்னிடம் ஒருவரும் ஒரு கடிதமும் கேட்கவில்லை என்றாராம். பிறகு தவறணைக்காரியிடம் பேப்பர் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, அங்கேயே எழுதினார். ஒரு வரி எழுத ஒரு வாய் குடித்தார். அவரும் என்னைப் போலக் குறைந்த படிப்புக்காரர் என்று பேனை பிடித்த விதத்திலேயே தெரிந்தது.

சுரேன் அதை வாசித்துவிட்டுக் கதிரையில் நிமிர்ந்தான்.

“அண்ணை, நல்ல கடிதம். ‘நேதன் ஒரு ஞாயிறும் தவறவில்லை. மழையிலும் குளிரிலும் நின்றார். போட்டி முடிய எங்களோடு இருந்து குடிப்பார். அவர் எங்களில் ஒருவர்.’ இதுதான் கேட்டது. இதுதான்.”

மங்கையும் சிரித்தாள். கன நாளைக்குப் பிறகு.

7

கார்த்திகை மாதம் நேரில் வரச் சொன்னார்கள். மூன்று பேரையும். தர்சினிக்குப் புதுச் சட்டை போட்டோம். எங்கே போகிறோம் என்று கேட்டாள். ஒரு கந்தோருக்கு, பேப்பரில் கையெழுத்து வைக்க என்றேன்.

அதிகாரி ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். கெட்டவர் இல்லை. தர்சினிக்கு ஒரு இனிப்பு கொடுத்தார். அவர்களே ஒரு தமிழ் அம்மாவை மொழிபெயர்க்க வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பழகியவர்.

வேலை கேட்டார்கள். சொன்னேன். வீடு கேட்டார்கள். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். உதைபந்தாட்டக் கிளப் என்றேன். அதிகாரி பில்லின் கடிதத்தை எடுத்து வாசித்தார். வாசிக்கும்போது வாயோரத்தில் சிரிப்பு வந்தது. தன் தகப்பனாரும் இப்படி ஒரு கிளப்போடு திரிந்தவர் என்றார். மங்கை மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள்.

சரி வந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையாக நினைத்தேன்.

அதிகாரி தர்சினியின் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். தர்சினி என்னைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். கெதியாகச் சொன்னாள். எனக்கு ‘பப்’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது. கன நேரம் சொன்னாள். என் பிள்ளை அவ்வளவு கதைத்து நான் அண்மையில் கேட்டதில்லை.

அவள் சொன்னதை அந்தத் தமிழ் அம்மா எங்களுக்குத் தமிழில் சொன்னார். அது அவருடைய கடமை.

“நீயும் அப்பாவோடு கிளப்புக்குப் போவாயா என்று கேட்டார்கள். மகள் சொல்லுகிறா: இல்லை. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் பப்புக்குப் போவார். முந்தி இப்படிச் செய்யமாட்டார். வரும்போது மணக்கும். வந்து படுத்துவிடுவார். அம்மா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவா. எனக்குக் கேட்கும். கேட்காமல் இருக்க நான் ரீவியைச் சத்தமாக வைப்பேன். அப்பாவைக் குடிக்க வேண்டாம் என்று நீங்கள் சொல்ல முடியுமா?”

என் மகளின் நெஞ்சில் இருந்ததை நான் இன்னொருத்தி வாயால் கேட்டேன். நல்ல தமிழில் கேட்டேன்.

அதிகாரி தர்சினியிடம் இன்னொன்று கேட்டார். அப்பா அடிப்பாரா என்று. இல்லை என்று தலையாட்டினாள். அதிகாரி எழுதினார். சிரிப்பு போய்விட்டது. என்னைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

என்ன சொல்வது? நான் குடிகாரன் இல்லை, உங்களிடம் காட்டுவதற்காகத்தான் போனேன் என்றால் பில்லின் கடிதம் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் நான் குடித்துக் குடும்பத்தை அழவைக்கிறவன். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது.

“ஒண்டும் இல்லை” என்றேன்.

பதில் தபாலில் வரும் என்றார்கள். தர்சினி போய் வருகிறேன் என்று கையசைத்தாள். அதிகாரியும் அசைத்தார்.

8

பஸ்ஸில் பின்பக்கம் இடம் கிடைத்தது. வெளியில் இருட்டத் தொடங்கியிருந்தது, மெல்லிய பனி. தர்சினி எனக்கும் மங்கைக்கும் நடுவில் இருந்தாள்.

“அப்பா, ஆர் யூ மாட்?”

“இல்லையம்மா.”

“தட் லேடி நைஸ். அவ உங்களை ஸ்ரொப் பண்ணச் சொல்லுவா.”

மங்கைக்கு அடக்க முடியவில்லை. பஸ் என்றும் பாராமல் அழுதாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தர்சினி பயந்துபோனாள்.

“வை ஆர் யூ க்ரையிங்? அம்மா? நான் என்ன செய்தது?”

அப்போதுதான் சொன்னேன். எனக்கு வளைத்துச் சொல்லத் தெரியாது. எங்களை இங்கே இருக்க விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று அந்த அதிகாரி அம்மாதான் முடிவு எடுக்கப்போகிறா என்றேன். இந்த நாட்டுக்காரரோடு பழகவேண்டும் என்று சொன்னார்கள், எனக்குப் பழக வேறு இடம் தெரியவில்லை, அதனால் அங்கே போனேன், அவர்கள் குடித்ததைக் குடித்தேன் என்றேன். அவளுக்கு விளங்குகிற தமிழாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். விளங்காத இடத்தில் மங்கை அழுதுகொண்டே தனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல்லைப் போட்டாள்.

தர்சினி முழுவதையும் கேட்டாள். இனிப்பு இன்னும் பிரிக்காமல் கையில் இருந்தது.

“என்னையும் அனுப்புவினமோ?”

கேள்வியைத் தமிழில் கேட்டாள். முழு வசனம்.

“ஓம்.”

“எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாதே.”

அவள் எழும்பினாள். மங்கையின் முழங்காலைத் தாண்டிப் போய் ஜன்னலோரக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மணி அடித்தது. நாங்கள் இறங்கவேண்டிய தரிப்பு இன்னும் எவ்வளவோ தூரத்தில்.

“தர்சி, இதில்லை. இரு.”

“கோ பாக். திரும்பிப் போவம். நான் அவவிட்டச் சொல்லுறன், ஐ லைட் எண்டு. எல்லாம் பொய் எண்டு சொல்லுறன்.”

“அப்பிடிச் சொல்லேலாது பிள்ளை.”

“ஏலும்! நான் சொல்லுவன்!”

பஸ் நின்றது. பின் கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது. அவள் படியில் இறங்கி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். றைவர் கண்ணாடியில் பார்த்தார். ஒருவரும் ஏசவில்லை. மங்கை முதலில் எழும்பினாள். பிறகு நான்.

இறங்கி றோட்டைக் கடந்து மற்றப் பக்கத்துத் தரிப்பில் நின்றோம். தர்சினி நடுவில். சட்டைக்கு மேலே கோட் பொத்தான் போடவில்லை. நான் குனிந்து போட்டுவிட்டேன். அவள் வாய்க்குள் ஆங்கிலத்தில் எதையோ சொல்லிப் பாடமாக்கிக்கொண்டு நின்றாள். அதிகாரியிடம் சொல்லப்போவதைத்தான்.

மங்கை என் காதுக்குள் கேட்டாள்.

“இஞ்சருங்கோ, போனா உள்ளுக்கு விடுவினமோ?”

“விடமாட்டினம்.”

“கந்தோர் பூட்டியிருக்கும்.”

“ஓம்.”

கந்தோர்ப் பக்கம் போகிற பஸ் வந்தது. ஏறினோம்.